மாத்திரையை முழுங்கிவிட்டு வந்தால் லேசர் என்ன செய்யும்?

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நாம் என்ன செய்கிறோம்? முதல் நாள் கஷாயம். இரண்டாம் நாள் பாராசிட்டமால். மூன்றாம் நாள் நேராக மருந்துக் கடை. "ஜுரம் விடவே மாட்டேங்குது, கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க" என்று கேட்கிறோம். கடைக்காரரும் அட்டையில் இருந்து ஐந்து ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கத்தரித்துத் தருகிறார். இரண்டு போட்டதும் காய்ச்சல் இறங்குகிறது. மீதி மூன்றும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. ஆறாம் நாள் ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பி வர, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்.

அங்கே ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புகிறார்கள். சில நாள் கழித்து ரிப்போர்ட் வருகிறது: 'கிருமி வளரவில்லை.' உடனே நமக்குக் கோபம். "பாத்தீங்களா, கிருமியே இல்லையாம். இதுக்குப் போய் இவ்வளவு காசா?"

கொஞ்சம் பொறுங்கள். கிருமி இல்லை என்று ரிப்போர்ட் சொல்லவில்லை. வளரவில்லை என்றுதான் சொல்கிறது. நீங்கள் போட்ட இரண்டு மாத்திரை, கிருமியை முழுசாகக் கொல்லாமல், ஆனால் பாட்டிலில் வளர விடாமல் செய்திருக்கலாம். உடம்புக்குள் அது பாட்டுக்கு இருக்கும். டாக்டருக்கு மட்டும் அது யாரென்று தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு விளம்பரம். 'லேசர் மூலம் நிமிடங்களில் கிருமியைக் கண்டுபிடிக்கிறோம்!' என்று ஒரு பரிசோதனைக்கூடம் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பொய் இல்லை, நிஜம்தான். ஆனால் அந்த நிமிடங்களுக்கு முன்னால் நடக்க வேண்டியதும், பின்னால் நடக்க வேண்டியதும் அதில் இல்லை. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் லேசருக்குக் காசு கட்டுவதில் பிரயோஜனம் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

முதலில் இந்த லேசர் என்னதான் செய்கிறது? லேசர் என்றதும் நோயாளியின் உடம்பில் பாய்ச்சுவார்களோ என்று பயப்பட வேண்டாம். அது உங்கள் பக்கமே வராது. எல்லாம் லேபில் நடக்கிற சமாச்சாரம்.

பழைய முறையைப் பார்த்துவிடுவோம். உங்கள் ரத்தத்தைச் சத்துள்ள திரவம் கொண்ட பாட்டிலில் விட்டு, உடம்புச் சூட்டில் வைப்பார்கள். கிருமி இருந்தால் பெருகும். பெருகியதும் ஒரு துளியை எடுத்து அகர் தட்டில் தேய்ப்பார்கள். அகர் வேறொன்றும் இல்லை, இனிப்பு செய்யக் கடல்பாசி வாங்குகிறீர்களே, அதேதான். மறுநாள் அந்தத் தட்டில் கடுகு கடுகாகக் கிருமிக் கூட்டங்கள் முளைத்திருக்கும். அந்தக் கூட்டம் எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எதில் நிறம் மாறுகிறது என்று வரிசையாகச் சோதித்து, பெயரைக் கண்டுபிடிக்க இன்னொரு நாள், சில கிருமிகளுக்கு அதற்கும் மேல் ஆகும்.

அந்த இன்னொரு நாளைத்தான் லேசர் மிச்சப்படுத்துகிறது. தட்டில் முளைத்த கூட்டத்திலிருந்து துளியூண்டு எடுத்து ஒரு உலோகத் தகட்டில் தடவுகிறார்கள். அதன் மேல் ஓர் அமிலக் கரைசலை விட்டுக் காய வைக்கிறார்கள். லேசர் ஒளியை உறிஞ்சிக்கொள்கிற அமிலம் அது. புரதத்தின் மேல் லேசரை நேராக அடித்தால் அது சிதறிக் கருகிவிடும். அமிலம் அந்த அடியைத் தான் வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. போகிற போக்கில், கிருமியின் புரதங்களை உடையாமல் மேலே தூக்கி, அவற்றுக்கு மின்னூட்டமும் கொடுத்துவிடுகிறது.

அப்படி எழும்பிய புரதங்களை மின்சாரத்தால் ஒரே அளவு உந்தி, காற்றே இல்லாத குழாய் ஒன்றில் ஓட விடுகிறார்கள். ஒரே பலத்தோடு கோலிக்குண்டையும் அம்மிக் குழவியையும் தள்ளிவிட்டால் எது முந்தும்? கோலிக்குண்டுதானே. அதே மாதிரி எடை குறைந்த புரதம் முதலில் மறுமுனைக்கு வந்து சேரும், கனமானது பின்னால் வரும். வந்த நேரத்தை வைத்து எடையைக் கணக்குப் போடுகிறது கம்ப்யூட்டர். ஓட்டம் முழுக்க நடப்பது நொடியில் லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள்! ஒவ்வொரு கிருமிக்கும் இந்தப் புரத எடைகளின் வரிசை தனி மாதிரி, நம் கைரேகை போல. இயந்திரத்தின் நினைவில் ஆயிரக்கணக்கான கிருமிகளின் ரேகைகள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்லிவிடுகிறது.

லேப்காரர்கள் இதைச் சுருக்கமாக 'மால்டி' என்பார்கள். 'நிறை நிறமாலைமானி' என்று நல்ல தமிழ்ப் பெயரும் இருக்கிறது. அதை லேபில் போய்ச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் நாமும் மால்டி என்றே வைத்துக்கொள்வோம்.

இது வந்த கதை சுவாரஸ்யமானது. ஜப்பானில் கியோட்டோ நகரத்து ஷிமாட்ஸு கம்பெனியில் வேலை பார்த்த கோய்ச்சி தனகா, மின்பொறியியல் படித்தவர். டாக்டர் பட்டம் எல்லாம் கிடையாது. 1985-ல் சோதனை ஒன்றுக்காகக் கோபால்ட் தூளில் அசிட்டோனைக் கலப்பதற்குப் பதில் கை தவறிக் கிளிசரினைக் கலந்துவிட்டார். உதட்டு வெடிப்புக்குத் தடவுவோமே, அதே கிளிசரின்! விலை உயர்ந்த தூள், கொட்ட மனசு வரவில்லை. சரி, இதையே சோதித்துப் பார்ப்போம் என்று லேசரை அடித்தார். அதுவரை உடைந்து போய்க்கொண்டிருந்த பெரிய மூலக்கூறுகள் உடையாமல் எழும்பின. 2002-ல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 43. ஆனால் இன்று லேப்களில் ஓடுகிற முறை, அதே காலத்தில் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் ஹில்லன்காம்ப்பும் மைக்கேல் காரஸும் உருவாக்கிய அமில முறைதான். அவர்களுக்கு நோபல் இல்லை. எனக்கு அதில் இன்னும் மனக்குறை உண்டு.

கிருமிகளை அடையாளம் காணும் வேலைக்கு இந்த இயந்திரத்தை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது 2013-ல். நம் நாட்டிலும் பெரிய மருத்துவக் கல்லூரிகள், கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகள், பெரிய தனியார் லேப்கள் என்று வந்துவிட்டது.

'ஒரு நாள் முன்னால் பெயர் தெரிந்தால் என்ன லாபம்? பெயரா வைத்தியம் பண்ணப் போகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஐ.சி.யூ-வில் ஒரு பெரியவர். நுரையீரலில் தொற்று. கிருமி யாரென்று தெரியாததால் மெரோபெனம் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். விலை அதிகம், வீரியமும் அதிகம். சொந்தக்காரர்கள் நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்கள். மால்டி ஒரு பெயரைச் சொல்கிறது: ஸ்டெனோட்ரோபோமோனாஸ். உச்சரிப்பதற்குள் மூச்சு வாங்கும்! ஆனால் அந்தப் பெயரிலேயே வைத்தியம் இருக்கிறது. இந்தக் கிருமிக்கு மெரோபெனத்தை உடைத்துப் போடும் சக்தி பிறவியிலேயே உண்டு. எத்தனை ஊசி போட்டாலும் வீண். அதற்குக் கேட்கிற முக்கியமான மருந்துகளில் ஒன்று கோ-ட்ரைமாக்ஸசோல். ரொம்பப் பழைய, ரொம்ப மலிவான மருந்து. பெயர் ஒரு நாள் முன்னால் தெரிந்தால் ஒரு நாள் முன்னால் சரியான மருந்து தொடங்கலாம்.

இன்னொன்று. ரத்தத்தில் வளர்ந்த கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திராட்சைக் கொத்து போல இருக்கிறது. இந்தக் கொத்து உருவத்தில் பல வகைகள் உண்டு. ஒன்று ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், இதய வால்வு வரைக்கும் போய் உட்காரக் கூடிய கேடி. மற்றவை பெரும்பாலும் நம் தோலில் சாதுவாக வாழ்கிறவை, ஊசி குத்தும்போது கூடவே ஒட்டிக்கொண்டு பாட்டிலுக்குள் வந்துவிடும். கேடி என்றால் வாரக்கணக்கில் ஊசி. சாது என்றால், டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக்கை நிறுத்தவே சொல்லலாம். மால்டி இரண்டையும் சில நிமிடங்களில் பிரித்துக் காட்டுகிறது.

காளான் இனத்திலும் இதே கதை. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து 'கேண்டிடா ஆரிஸ்' என்று ஒரு பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. பிறகு இந்தியா உட்படப் பல நாடுகளின் ஐ.சி.யூ-க்களில் அது ரத்தத்திலேயே தென்பட்டது. கட்டில் கம்பி, கருவிகள் என்று ஒட்டிக்கொண்டு அடுத்த படுக்கைக்குத் தாவும். வழக்கமாகக் கொடுக்கிற ஃப்ளூகோனசோல் பெரும்பாலும் கேட்காது. பழைய முறைகளோ இதை வேறொரு சாதாரண பூஞ்சையின் பெயரால் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தன. ரேகைகளின் பட்டியலில் இந்தப் பூஞ்சையைச் சேர்த்த மால்டி இயந்திரங்கள்தான் வேஷத்தைக் கலைத்தன.

பட்டியலில் சேர்த்த என்று சொன்னேன், கவனித்தீர்களா? இயந்திரத்துக்குத் தெரிந்தது அதன் பட்டியலில் இருப்பது மட்டும்தான். நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியமான உதாரணம் மெலியோய்டோசிஸ். மழைக்காலத்தில் வயல் சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமியால் வருவது. சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கும். நிமோனியா மாதிரி வரும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டியாக வரும், டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை சாப்பிட்டவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் இந்த நோய் இருப்பதை வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் பல வருஷமாக எழுதி வந்திருக்கிறார்கள். இந்தக் கிருமியை அமெரிக்கா உயிரியல் ஆயுதமாகக்கூடிய கிருமிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. அதனால் இயந்திரத்தோடு வரும் வழக்கமான பட்டியலில் இதன் ரேகையைச் சேர்க்காமல், தனிப் பட்டியலில் பூட்டி வைத்த கம்பெனி உண்டு. விளைவு? இயந்திரம் அதன் சாதுவான பங்காளியின் பெயரைச் சொல்லிவிடும். அமெரிக்காவின் பாதுகாப்புக் கவலை, நம் ஊர் விவசாயியின் ரிப்போர்ட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது!

அனுபவமுள்ள மைக்ரோபயாலஜி டாக்டர் இருந்தால் ஏமாற மாட்டார். 'நோயாளிக்குச் சர்க்கரை, வயல் வேலை, மழைக்காலம்' என்று ஒரு வரி லேபுக்கு எழுதி அனுப்பியிருந்தால் சந்தேகம் தட்டும், வேறு சோதனை செய்வார். இந்த நோய்க்கு முதலில் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை வேண்டும். பெயர் தவறினால் வைத்தியமே தவறிவிடும். ஆகவே டாக்டர் உங்களிடம் 'என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று கேட்டால், 'அதெல்லாம் எதுக்கு?' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

டைஃபாய்டிலும் ஒரு விஷயம். மால்டி 'சால்மோனெல்லா' என்று சொல்லும். அது டைஃபாய்டு வகைதானா என்று சொல்ல வேறு சோதனை தேவை. ஆனால் ஒன்று, நம் ஊரில் ஒரே ஒரு விடால் டெஸ்ட்டை வைத்துக்கொண்டு டைஃபாய்டு என்று முத்திரை குத்துகிறார்களே, அதைவிட இது எவ்வளவோ மேல். விடால், முன்பு எப்போதோ வந்த தொற்றுக்கும், போட்டுக்கொண்ட தடுப்பூசிக்கும்கூடப் பாசிட்டிவ் காட்டக் கூடியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மால்டி பொதுவாகப் பெயரைத்தான் சொல்லும். எந்த மருந்து கேட்கும் என்பதைச் சொல்ல இன்னொரு சோதனையும் இன்னொரு நாளும் வேண்டும். 'லேசர் டெஸ்ட் பண்ணியும் ஏன் இன்னும் ரிப்போர்ட் முடியலை?' என்று நர்ஸிடம் சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன். மால்டிக்குத் தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டம் வேண்டும். வளராத கிருமிக்கு லேசர் என்ன செய்யும்? வட அமெரிக்காவின் 7 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் செய்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. கடும் தொற்றோடு வந்தவர்களிடம் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பு ஒரு தடவை, ஊசி போட்டு 2 மணி நேரத்துக்குள் இன்னொரு தடவை ரத்தம் எடுத்தார்கள். முன்பு எடுத்ததில் 31 சதவிகிதம் பேருக்குக் கிருமி வளர்ந்தது. பின்பு எடுத்ததில் 19 சதவிகிதம் பேருக்குத்தான். இத்தனைக்கும் ஒரே ஒரு டோஸ், 2 மணி நேரம்! மூன்று நாளாக அலமாரி மாத்திரை போட்டுக்கொண்டு வருகிற நம் கதையை நினைத்துப் பாருங்கள்.

2014 முதல் அமலில் இருக்கும் ஹெச்-1 அட்டவணைப்படி, அதில் உள்ள ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைத் தனி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். சட்டம் இருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்வது சுலபம், ஆனால் 'ஸ்ட்ராங்கா குடுங்க' என்று கவுன்ட்டரில் கையூன்றி நிற்பது நாம்தான்.

அதற்காகக் காய்ச்சல் வந்த எல்லோருக்கும் கல்ச்சர் செய்யச் சொல்லவில்லை. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், இந்த லேசரும் வேண்டாம். அதே மாதிரி, நோயாளி ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிக் கிடக்கும்போது, கல்ச்சர் எடுக்கிறேன் என்று ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது. ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும். எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடலாம்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. இயந்திரத்தின் விலை கோடி ரூபாயைத் தொடும். ஆனால் ஒரு தகட்டில் சுமார் 100 மாதிரிகள் வைக்கலாம், ஒரு மாதிரிக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். எல்லா ஊரிலும் ஒன்று வாங்கித் தூசி படிய வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். சில மாவட்டங்களுக்கு ஒன்று போதும். வளர்ந்த கிருமியை ஆல்கஹாலில் போட்டுக் கொன்றே அனுப்பலாம், புரத ரேகை கெடாது. ஆனால் ஒவ்வொரு மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரியிலும் கல்ச்சர் பாட்டில் தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும், வளர்க்கிற வசதி வேண்டும், ராத்திரியிலும் ஒருவர் வேலையில் இருக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்குப் பாட்டிலில் வளர்ந்த கிருமி, காலையில் டெக்னீஷியன் வரும்வரை காத்திருந்தால், லேசர் மிச்சப்படுத்திய நேரம் வாசலிலேயே போய்விட்டதே! இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்ட ஆள் கிடைக்கும். பாட்டில் இருக்கிறதா என்று ஸ்டோர் ரூமில் எட்டிப் பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பெயர் தெரிந்ததும் மருந்தை மாற்றச் சொல்லவும் ஆள் வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆஸ்பத்திரி 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மால்டியை வைத்தார்கள், கூடவே, ரிப்போர்ட் வந்த உடனே டாக்டரைக் கூப்பிட்டுப் பேச ஒரு குழுவையும் வைத்தார்கள். மிகப் பொருத்தமான மருந்து தொடங்க முன்பு சராசரியாக 90 மணி நேரம் ஆனது, 47 மணி நேரமாகக் குறைந்தது. அந்தக் குழு இல்லாத இடத்தில் இயந்திரம் மட்டும் இதைச் சாதித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நீங்கள் செய்யக் கூடியதற்கு வருகிறேன். காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது இதுவரை போட்ட மாத்திரையின் காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். 'ஒண்ணும் போடலை டாக்டர்' என்று மறைக்காதீர்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கும் முன், "கல்ச்சர் எடுக்கணுமா டாக்டர்?" என்று பணிவாக ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"ஐயோ, இவ்வளவு ரத்தமா!" என்று கையை இழுக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை வேண்டும். குறைத்து எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம். இரண்டு கையிலும் தனித்தனியாகக் குத்தினால் காசுக்காகச் செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டிலும் ஒரே கிருமி வந்தால் அது நிஜமான தொற்று, ஒன்றில் மட்டும் தோல் கிருமி வந்தால் அது பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வந்தது. திராட்சைக் கொத்து விஷயத்தில் சொன்னேனே, அங்கே இந்த இரண்டாவது குத்தல்தான் டாக்டருக்குத் துணை.

அப்புறம், காய்ச்சல் விட்டதும் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். கல்ச்சரின் கடைசி ரிப்போர்ட் வர 5 நாள் வரை ஆகலாம். வந்த ரிப்போர்ட் லேபிலேயே கிடக்கும், வாங்க யாரும் வருவதில்லை. டிஸ்சார்ஜ் அன்று லேபின் போன் நம்பரையும் பாட்டில் நம்பரையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறாம் நாள் ஒரு போன் செய்யுங்கள். ரிப்போர்ட்டில் ஏதாவது பெயர் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். அலமாரியில் கிடக்கும் அந்த மூன்று மாத்திரையையும் கையோடு எடுத்துப் போய் அவரிடம் காட்டுங்கள்.